சுவரில் மின்னும் பொடி

திருவையாறு,
ஐப்பசி 12.

அன்புள்ள சுந்தரம்,

நலம், நலமறிய ஆவல். சம்பா நடவு முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டதால், உனக்கு விரிவாக எழுத நேரம் வாய்த்தது. உன் பேத்தி வளையும் லேசர் பற்றிய ஆய்வில் சேர்ந்திருக்கிறாள், ஆனால் லேசர் ஏன் வளைய வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தாய். ஒளிச் சிதறலையே ஆராய்ந்த ராமன் பிறந்த திருவானைக்காவலுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு நீ இப்படிக் கேட்கலாமா?

முதலில் சாதாரண லேசரின் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். பேனா லேசரின் சிவப்பு ஒளியைச் சுண்ணாம்புச் சுவரில் பாய்ச்சிப் பார். வட்டம் வழவழப்பாக இராது. ரவையைத் தூவியது போல மின்னும். உன் கிட்டப்பார்வைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை வலப்பக்கம் அசைத்தால் அந்தப் பொடி இடப்பக்கம் நகரும். தூரப்பார்வைக்காரனான எனக்கோ தலையோடு கூடவே வருகிறது. லேசரின் அலைகள் இம்மி பிசகாமல் ஒத்துச் செல்வதால், சுவரின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும்போது ஓரிடத்தில் கூடி ஒளிர்கின்றன, அடுத்த இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் திசுவைப் படமெடுக்கும்போது இந்தப் பொடி, இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டிவிடும்.

இதற்கு மாற்றுதான் ராண்டம் லேசர், அதாவது ஒழுங்கற்ற லேசர். இரண்டு ஆடிகளுக்கு நடுவே ஒளியை ஓடவிடுவதற்குப் பதில், ஒளியைப் பெருக்கும் பொருளில் நானோ துகள்களை இறைத்துவிட்டால், ஒளி துகளுக்குத் துகள் மோதி, அந்த அலைச்சலிலேயே வலுப்பெறுகிறது. நம் கோயில் குளத்தில் ஒரு கல்லை எறிந்தால், அலை படிகளில் மோதித் திரும்பிக் கோலம் போடும். தூறல் விழும்போது எந்தக் கோலமும் நிற்பதில்லை. அதுபோல ராண்டம் லேசரிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல அலைகள் ஒரே நேரத்தில் புறப்படுவதால் பொடி கரைந்துவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தில் ஹுய் காவோ குழுவினர் 2012-இல் இவ்வாறு தெளிவான படம் எடுத்துக் காட்டினார்கள்.

ஆடிகளே இல்லாததால் அவை நேர்கோட்டில் நிற்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆகவே துகள்களை ரப்பர் போன்ற சிலிகோன் படலத்தில் பதித்து, வளைந்த பரப்பின் மேலும் ஒட்டலாம். லேசர் வளைவதன் பயன் அதுதான். இழுத்தால் துகள்களின் இடைவெளி மாறி, வெளிவரும் நிறமும் சற்றே மாறக்கூடும். என் பார்வையில் குறை வேறிடத்தில் இருக்கிறது: இவற்றில் பெரும்பாலானவற்றை உசுப்ப இன்னொரு லேசர் தேவைப்படுகிறது, அது வளையாது! ஒளியைப் பெருக்கும் பொருளாகப் பயன்படும் பெரோவ்ஸ்கைட் என்ற வகை நானோ படிகங்களோ ஈரத்துக்கு ஆகாதவை. இந்த ஐப்பசிக் காற்றில் மூடாமல் வைத்தால் வீணாகிவிடும்.

படலத்தை நூறு முறை இழுத்துவிட்ட பிறகும் அது பழைய நிறத்துக்கே திரும்புகிறதா என்று உன் பேத்தியிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
வைத்தி