கோத்தகிரியிலிருந்து சேதுவுக்கு

கோத்தகிரி

அன்புள்ள சேது,

திட்ட வேண்டியதையெல்லாம் மொத்தமாகத் திட்டிவிட்டு அப்புறம் மேலே படி. உன் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை, தெரியும். மாப்பிள்ளை உன்னைப் போல சீட்டு விளையாடுகிறவர் இல்லையே? அம்மா நலம். குளிரில் முட்டிவலிதான்.

சரி, விஷயம் இதுதான். கோத்தகிரிக்குக் கீழே சரிவுகளில் உள்ள இருளர், குறும்பர் ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் குடிநீர், கழிப்பறை, குழந்தைகளின் ஊட்டச்சத்து மூன்றையும் சேர்த்து ஒரு திட்டம் நடத்தி முடித்திருக்கிறது. பலன் இருந்ததா என்று மதிப்பிடும் வேலை என் தலையில். மலை சுற்றி, டீ குடித்து, அறிக்கை எழுதுகிற உத்தியோகம் என்று சிரிக்காதே.

கழிப்பறைக் கணக்கு ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆனால் பலவற்றில் விறகு அடுக்கியிருக்கிறது. நான் குறை சொல்லமாட்டேன். இங்கே பெய்கிற மழையில் காய்ந்த விறகை வேறு எங்கே வைப்பது? குழாய் எட்டாத வீட்டில் கழிப்பறைக்கென்று ஒரு குடம் சுமந்து மேடு ஏறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோபம் வந்தது வேறொரு ஊரில். இரட்டைக் குழிக் கழிப்பறை உனக்குத் தெரியும்: ஒன்று நிரம்பினால் மற்றதுக்கு மாற்றிவிட்டு, நிரம்பியதை ஒன்றரை இரண்டு வருஷம் மூடிவைத்தால் உரமாகிவிடும். சமதரையில் நல்ல ஏற்பாடுதான். இவர்கள் குழியை மேலே தோண்டியிருக்கிறார்கள், ஊர் குடிக்கிற ஊற்று அதற்கு நேர் கீழே! ஊற்றுத் தண்ணீரைச் சோதனைக் குப்பியில் பிடித்து வைத்தோம். மறுநாள் கறுத்துவிட்டது. மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று அர்த்தம்.

அது எழுத எளிது. என்னைத் தூங்கவிடாதது வேறு. திட்டம் வென்றதா என்பதற்கு அவர்கள் முதலிலேயே குறித்துக்கொடுத்த அளவுகோல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உயரம். வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 2018-இல் வந்தன, ஜிம்பாப்வே ஆய்வு 2019-இல். தண்ணீர், கழிப்பறை, கைகழுவல் எல்லாம் கொடுத்தும் உயரம் கூடவில்லை. கூடுதல் ஊட்டம் பெற்ற பிள்ளைகள்தான் கொஞ்சம் வளர்ந்தார்கள். ஒடிசாவில் கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 ஆன பிறகும் வயிற்றுப்போக்கு குறையவில்லை என்ற 2014 ஆய்வை எனக்கு அனுப்பியதே நீதான். அப்படியிருக்க, இந்தச் சரிவில் உயரம் ஏறும் என்று யார் வாக்குக் கொடுத்தது?

இன்னொரு அளவுகோல் ஹீமோகுளோபின். நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருப்பது 1952-இலேயே தெரிந்துபோனது. அந்த நோயால் வருகிற சோகையை இரும்புச்சத்து மாத்திரை சரியாக்காது. தொடக்கக் கணக்கெடுப்பில் அந்தச் சோதனையே இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, திட்டம் போகாத ஊர்களையும் எடுக்கவில்லை. இதற்கிடையே அங்கன்வாடி முட்டை, ரேஷன், 2019-இல் வந்த ஜல் ஜீவன் அரசுத் திட்டக் குழாய். எது யாரால் என்று எப்படிப் பிரிப்பது? உன் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பாயே!

ஆனால் கேள். ஓர் ஊரில் மேலேயுள்ள ஊற்றிலிருந்து தானாக இறங்கி வரும் குழாய் போட்டிருக்கிறார்கள். மழையில் அது பெயர்ந்தபோது பெண்களே காசு போட்டுச் சரிசெய்திருக்கிறார்கள். ஒரு அக்கா சொன்னார்: "கரடிக்கும் காட்டெருமைக்கும் பயந்துக்கிட்டே இருட்டுல தண்ணிக்குப் போவோம் தம்பி, இப்ப அது இல்ல." உயரமும் ரத்தமும் மட்டும் பார்த்தால் இந்த ஊர் தோல்விப் பட்டியலில் சேரும். அடுத்த வருஷப் பணமும் நின்றுவிடும்.

அதனால் தண்ணீருக்கு நடக்கும் நேரத்தையும் பலனாகச் சேர்க்க நினைக்கிறேன். தேர்வு முடிந்தபிறகு கேள்வித்தாள் தயாரிக்கிறாயா என்று நீ கத்துவாய். கத்து. ஆனால் அதை வெளிப்படையாகத் தனி அத்தியாயத்தில், பின்னால் சேர்த்தது என்று எழுதினாலும் தப்பா? உயரம் கூடவில்லை என்பதை முதல் பக்கத்திலேயே போடப்போகிறேன். அதில் பேரம் இல்லை. குழியை மாற்றாமல் புதுக் கழிப்பறை ஒன்றுகூடக் கட்டக்கூடாது என்றும் எழுதுவேன். நடுவில் இந்த அத்தியாயம் மட்டும்தான் உறுத்துகிறது.

வரைவை இந்த வாரம் அனுப்புகிறேன். "பார்த்தேன், நன்று" என்று ஒரு வரி போட்டுத் தப்பிக்காதே. அட்டவணைகளைத் திரும்பக் கூட்டிப் பார். உன்னைத் தவிர யாரும் கூட்டிப் பார்க்கப்போவதில்லை.

உன்
குமார்