புதுநன்மை வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

அன்புள்ள ஆசிரியர்களே,

புதுநன்மைக்கு, அதாவது பூசையில் தரும் அப்பமான நற்கருணையை முதன்முறை வாங்குவதற்கு, பிள்ளைகளைத் தயாரிக்கும் உங்களிடம், பீட வேலைகளைக் கவனிக்கும் நாங்கள் ஒன்று கேட்கிறோம். "நற்கருணை இயேசுவின் அடையாளம்" என்று சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அருட்சாதனம் (இறையருள் தரும் திருச்சடங்கு) என்ற வகையில் அது அடையாளமும்தான். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அடையாளம் என்றால் "நிஜமில்லை" என்றுதான் பொருள். பாஸ்கா (உயிர்ப்பு விழா) மெழுகுதிரி ஆண்டவரைக் குறிக்கிறது. பூசையில் சாமியார் வசீகரம் செய்த (அர்ச்சித்த) அப்பமோ ஆண்டவரேதான்.

1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறக்குறைய ஏழு வயதிலேயே நன்மை (நற்கருணை) வாங்கலாம் என்று ஆணையிட்டபோது, பிள்ளைக்கு முழு மறைக்கல்வியும் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. விசுவாசத்தின் அடிப்படை உண்மைகளைத் தன் வயதுக்கேற்பத் தெரிந்து, இந்த அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறிந்தால் போதும் என்றார். செபங்களையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்த வித்தியாசம் புரியவில்லை என்றால் வகுப்பு முடியவில்லை என்றே அர்த்தம்.

"ருசி மாறவே இல்லையே டீச்சர்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி, அடக்கிவிடாதீர்கள். திருச்சபை ஆயர்களின் பேரவையான திரிதெந்து (Trent) பொதுச்சங்கம் 1551-இல் சொன்னதைத்தான் எளிமையாகச் சொல்ல வேண்டும்: நிறம், ருசி, எடை எல்லாம் அப்படியே இருக்கின்றன, உட்பொருள் முழுவதும் மாறிவிடுகிறது. அதனால் எந்தக் கருவி வைத்துப் பார்த்தாலும் கோதுமைதான் தெரியும். இரத்தம் கசிந்த அப்பங்களின் கதையோடு பாடத்தைத் தொடங்க வேண்டாம். அப்படி எதுவும் நடக்காத ஞாயிறு பூசையில் ஆண்டவர் கொஞ்சம் குறைவாக இருக்கிறார் என்று பிள்ளை நினைத்துவிடும்.

அப்பம் கீழே விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை பதறி அதை மிதித்துவிடக் கூடாது. நகராமல் நின்றால் போதும், சாமியார் எடுத்துக்கொள்வார். அழுக்காகி உட்கொள்ள முடியாமல் போனால், சிறு கிண்ணத் தண்ணீரில் போட்டு மூடிவைப்போம். முழுக்கக் கரைந்து அப்பத்தின் தோற்றமே இல்லாமல் போனபின், அந்தத் தண்ணீரை அதற்கென உள்ள தொட்டியிலோ யாரும் மிதிக்காத மண்ணிலோ ஊற்றுவோம். அப்பத்தின் தோற்றம் இருக்கும்வரை ஆண்டவரின் பிரசன்னம் இருக்கிறது என்பதே காரணம். அரைமணி நேர விளக்கத்தைவிட இந்தக் கிண்ணம் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும்.

கையில் வாங்கும் மறைமாவட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு, அப்பத்தை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு இருக்கைக்கு நடப்பது. இடது உள்ளங்கையில் வாங்கி, வலது விரலால் எடுத்து, அங்கேயே நின்று உட்கொள்ள வேண்டும். பிறகு உள்ளங்கையைப் பார்க்க வேண்டும். துகள் ஒட்டியிருந்தால் அதையும் உட்கொள்ள வேண்டும், ஏனென்றால் துகளிலும் முழுக் கிறிஸ்துதான் இருக்கிறார். பொன் துகளைத் தந்தால் எவ்வளவு கவனமாகப் பிடிப்பீர்கள் என்று நான்காம் நூற்றாண்டிலேயே எருசலேம் ஆயர் சிரில் கேட்டிருக்கிறார்.

"பல்லில் படக்கூடாது" என்று பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். பக்தியில் சொன்னது, ஆனால் அப்படிச் சட்டம் இல்லை. யோவான் 6:54 முதல் வரும் கிரேக்கச் சொல்லே மென்று தின்பதைக் குறிப்பது. நோன்பு நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான். தண்ணீரும் மருந்தும் அதை முறிக்காது.

கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் முன்னமே பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். அரிசி மாவு அப்பம் செல்லாது. திருச்சபைச் சட்டத் தொகுப்பில் திருச்சட்டம் 924 கோதுமையை மட்டுமே ஏற்கிறது. அந்தப் பிள்ளை வசீகரம் செய்த திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம், அதிலும் முழுக் கிறிஸ்துதான். அப்பத்தின் சிறு துண்டு போட்ட கிண்ணமாக அது இருக்கக் கூடாது, தனிக் கிண்ணம் வேண்டும்.

கடைசியாக, ஒத்திகை. வசீகரம் செய்யாத அப்பத்தைத்தான் தருகிறீர்கள் என்பதை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்போது "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். "ஆமென்" சொல்வதைத் தனியாகப் பழக்குங்கள். மிஞ்சிய அப்பங்களை, நற்கருணை வைக்கும் பேழைக்குப் போகும் பாத்திரத்தின் பக்கத்தில் வைக்காமல், அன்றே எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.