கேஷும் காசும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஈரோடு ஜவுளிச் சந்தையில் "கேஷ்ங்கிறது நம்ம காசுதானுங்க, வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்" என்று அடித்துப் பேசுகிறவர்களைக் கேட்டு நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் சரி. ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் லத்தீன் 'காப்சா'வின் வழி வந்தது; முதலில் பணப்பெட்டிக்குத்தான் அந்தப் பெயர், அப்புறம் உள்ளே இருந்த பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது, நாம் 'கல்லா கட்டியாச்சா' என்று கேட்கிற மாதிரி. ஆனால் கிழக்கிந்திய கம்பெனி சென்னையில் புழங்கவிட்ட சின்னச் செப்புக்காசுக்கும் கேஷ் என்றே பெயர்: 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். இது சாட்சாத் நம்ம காசேதான், போர்த்துக்கீசியர் வாய்வழியாகப் போய்ச் சேர்ந்தது. கேஷியர் மட்டும் பெட்டிக்காரர்தான்.

ஒரு வாசகர்,
பெருந்துறை