பள்ளிக் கூட்டத்தில் பெற்றோருக்குத் துணை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆட்டிசம் உள்ள குழந்தையைப் பற்றிப் பேசப் பள்ளி அழைக்கும்போது, மேசையின் ஒரு பக்கம் தாளாளர், தலைமையாசிரியர், வகுப்பாசிரியர் என அனைவரும் அமர்ந்திருக்க, மறுபக்கம் பெரும்பாலும் தாய் ஒருவரே தனியாக அமர்ந்திருக்கிறார். ‘உங்கள் பிள்ளைக்கு எங்கள் பள்ளி ஒத்துவராது’ என்று கனிவாகச் சொல்லி, மாற்றுச் சான்றிதழைப் பெற்றோரே விரும்பிக் கேட்டதாக எழுதி வாங்கிக்கொள்வது சில இடங்களில் வழக்கமாகவே ஆகிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில், இத்தகைய குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்த்துக் கற்பிக்கச் சொல்லும் 16ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்பதை அந்த அறையில் எடுத்துச் சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவில் இத்தகைய கூட்டங்களுக்கு விவரம் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லும் உரிமையைச் சட்டமே பெற்றோருக்கு வழங்குகிறது. நம்மிடம் அப்படியொரு விதி இல்லையென்றாலும் வழி இல்லாமல் இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, மாற்றுத்திறனாளிகளும் குழந்தைகளும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். நீதிமன்றத்துக்குப் போனால்தான் இந்த உதவி என்று பலர் எண்ணியிருப்பது வருத்தத்துக்குரியது. மாவட்ட ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்களுக்கு ஆட்டிசம் குறித்துப் பயிற்சி அளித்து, பெற்றோர் கேட்கும்போது பள்ளிக் கூட்டத்துக்கு உடன் அனுப்பவும், கூட்டத்தில் பேசியவற்றை எழுத்தில் தருவதைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கவும் அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ள சிறுவனின் தாய்,
மதுரை