அன்று நான் சொன்ன பதில்

இப்ஸ்விச்
மே 4

அன்பு மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. சென்ற சனிக்கிழமை, "இன்றைக்கு நடக்கலாம்" என்று அவளே சொன்னதால் பிராட்ஃபீல்ட் காட்டுக்குப் போய்வந்தோம். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கேட்டுவிட்டு மறந்துபோகும் விஷயம் இல்லை இது. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் காட்டில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் சொன்ன பதில் தவறு. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. பெப்ரவரி மாதப் பாடசாலை விடுமுறை. நீ அந்தச் சிவப்புத் தொப்பியோடு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாய். பாதை ஓரிடத்தில் திரும்பியதும் மரங்கள் சட்டென்று முடிந்து வெட்டவெளி வந்தது. காட்டின் அந்தப் பகுதி முழுவதும் மரங்கள் முழங்காலுக்குக் கீழே தறிக்கப்பட்டு, அடிக்கட்டைகள் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஓக் மரங்களை விட்டுவைத்திருந்தார்கள். நீ ஓடிவந்து என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஏன் எல்லாவற்றையும் கொன்றுவிட்டார்கள்?" என்று கேட்டாய். "மனிதர்கள் எங்கே போனாலும் இப்படித்தான், பிள்ளை" என்றேன். அதோடு திரும்பிவிட்டோம். வீடு வரும்வரை நீ காரில் அழுதுகொண்டே வந்தாய். அதன் பிறகு அந்தப் பக்கம் நாம் போகவே இல்லை.

அன்று என் கண்ணில் பட்டது சஃபோக் மாவட்டத்துக் காடே இல்லை. ஊரில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகளைத் தறித்துத் தறித்துக் கொண்டுபோனதைப் பார்த்தவன் நான். பனையின் உயிர் முழுவதும் உச்சிக் குருத்தில் இருக்கிறது. தறித்தால் அதோடு சரி, அடிமரம் ஒருபோதும் துளிர்க்காது. அந்த அடிப்பனைகளின் நினைவோடுதான் இந்தக் கட்டைகளைப் பார்த்தேன். பார்த்ததை அப்படியே உன் தலையிலும் ஏற்றிவிட்டேன்.

எனக்கு வேறு விதமாகவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வேலி முழுவதும் பூவரசும் கிளுவையும் கதியால்களாக, உயிருள்ள வேலிக்கால்களாக நின்றன. ஆண்டுதோறும் அப்பப்பா கொப்புகளைத் தறித்து, குழையை மிளகாய்த் தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்ப்பார். குழைக்கட்டை இழுத்துக்கொண்டு அவர் பின்னால் போனவன் நான்தான். மழை விழுந்ததும் அதே கதியால் முன்னிலும் செழிப்பாகத் தழைத்து நிற்கும். வேலி மொட்டையாக நிற்கிறதே என்று அந்த வீட்டில் யாரும் அழுததில்லை. அந்தப் படிப்பு இருந்தும், அன்று பனைதான் முன்னால் வந்து நின்றது.

இனிச் சனிக்கிழமைக் கதையைச் சொல்கிறேன்.

இப்ஸ்விச்சிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தப் பகுதி மண் கெட்டியான களி, இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்தது. பத்து அடிக்கு ஒரு முறை காலணியைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அம்மா என் தோளைப் பிடித்தபடி மெதுவாக வந்தாள். ஓக் மரங்களில் இலை அப்போதுதான் செம்பு நிறம் கலந்த பச்சையில் விரியத் தொடங்கியிருந்தது. ஆஷ் மரங்களில் கரிக்கட்டை போன்ற கறுத்த மொட்டுகள் இன்னும் மூடியே இருந்தன. ஓக் முந்தினால் தூறல், ஆஷ் முந்தினால் அடைமழை என்று இங்கே ஒரு பழமொழி உண்டே, நீ பாடசாலையில் படித்துவந்து எங்களுக்குச் சொல்லித் தந்தாயே, அதன்படி இந்தக் கோடை தூறலோடு போக வேண்டும்.

மேலே இலை மூடுவதற்கு முன் கிடைக்கும் ஆறேழு வார வெயிலுக்குள், தரையில் உள்ள செடிகள் தங்கள் ஆண்டுக் காரியம் முழுவதையும் முடித்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் இந்த அவசரப் பூக்கள். ப்ளூபெல் பூக்களின் நீலம் மரங்களுக்கு இடையே புகை தங்கி நிற்பதுபோல் இருந்தது. உலகிலுள்ள ப்ளூபெல் செடிகளில் ஏறத்தாழப் பாதி இந்தத் தீவில்தான் இருக்கின்றனவாம். படம் எடுக்க யாரோ உள்ளே நடந்து மிதித்த தடம் ஒன்று தெரிந்தது. இலை நசுங்கினால் அடியிலுள்ள கிழங்குக்குச் சோறு போகாது, அது மீள ஆண்டுக்கணக்காகும். அம்மா அந்தத் தடத்தைப் பார்த்து, "வயலில் வரம்பு இருக்க நாற்றுக்குள் இறங்கி நடந்ததுபோல" என்று கோபப்பட்டாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தது ஆக்ஸ்லிப் என்ற வெளிர்மஞ்சள் பூ. ஒரே தண்டின் உச்சியிலிருந்து எல்லாப் பூக்களும் ஒரே பக்கமாகத் தலைசாய்த்துத் தொங்குகின்றன. இங்கிலாந்தில் சஃபோக், எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் எல்லைகள் கூடும் இந்த மூலையிலுள்ள பழங்காடுகளில்தான் அது பெரும்பாலும் வளர்கிறது. இத்தனை ஆண்டு இந்த மாவட்டத்திலேயே குடியிருந்தும் நான் அதைப் பார்த்ததில்லை.

பாதையோரத்தில் வயதான தொண்டர் ஒருவர் ஹேசல் என்ற சிறுமரத்தின் கம்புகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும். நீ கேட்ட கேள்வியை அவரிடம் அப்படியே கேட்டேன். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய், சென்ற குளிர்காலத்தில் வெட்டிய ஒரு பங்கைக் காட்டினார். ஓர் அடிக்கட்டையின் அருகில் குனிந்து, "இங்கே விரலை வையுங்கள்" என்றார்.

வெட்டு வாயைச் சாய்வாக எடுத்திருந்தார்கள், மழைநீர் தேங்காமல் வடிய. அதற்கு ஓர் அங்குலம் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு நெல்மணி அளவில் செந்நிற முளைகள். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். ஒரே கட்டையில் நாற்பதுக்கு மேல் போயிற்று. சில முளைகளில் இலை வெளிவந்து, கைக்குழந்தையின் காதுபோல மடிந்து மென்மயிரோடு இருந்தது. வரும் புரட்டாசிக்குள் இவை என் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும் என்றார் அவர். அடியில் வேர் ஏற்கெனவே பெரியதாக இருப்பதால் விதையிலிருந்து வரும் கன்றால் இதன் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. மான்கள் மட்டும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்காகச் சுற்றிலும் வேலி அடைத்திருந்தார்கள்.

காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொரு குளிர்காலத்திலும் சில பங்குகளை மட்டும் வெட்டுகிறார்கள். சுற்று முடிந்து அதே பங்குக்குத் திரும்பிவர ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. வெட்டிய இடத்தில் தரைக்கு வெயில் கிடைக்கிறது. நிழலில் காத்துக் கிடந்த ப்ரிம்ரோஸும் ஆக்ஸ்லிப்பும் இரண்டாம் மூன்றாம் ஆண்டில் அந்தப் பங்கை மூடிப் பூக்கின்றன. பிறகு முட்புதர் ஏறும், அதற்குப் பிறகு கம்புகள் நெருங்கி மறுபடி நிழலாகும். டோர்மவுஸ் என்ற சின்னஞ்சிறு எலி போன்ற பிராணி ஹேசல் காய் தின்று வாழ்கிறது. அதற்கு வேண்டியது கொஞ்சம் முதிர்ந்த பங்கு. நைட்டிங்கேல் பறவைக்கு வேண்டியது ஐந்தாறு ஆண்டு வயதுள்ள அடர்ந்த பங்கு. எல்லா வயதுப் பங்கும் ஒரே காட்டுக்குள் இருந்தால்தான் எல்லாருக்கும் வீடு கிடைக்கும்.

இந்த முறைக்கு 1252-ஆம் ஆண்டு முதல் தொடர்ச்சி உண்டு என்று அவர் சொன்னபோது நான் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒரு முறை என்றாலும் ஏறத்தாழ முப்பது தடவை வெட்டியிருக்கிறார்கள், முப்பது தடவையும் தழைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் இது பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துத் துறவிகளின் காடு. 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் மடம் கலைக்கப்பட்டது. கட்டடம் இடிந்தது, கல்லைக்கூட ஊரார் கொண்டுபோனார்கள். கோடையில் உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தருவோமே, பரியிலுள்ள அந்தப் பூங்காவில் நீ ஏறி விளையாடிய கற்சுவர்கள்தான் அந்த மடத்தின் மிச்சம். அவ்வளவு பெரிய கல்மடம் போய்விட்டது, அவர்கள் விறகு வெட்டிய ஹேசலும் ஆஷும் இன்றைக்கும் துளிர்விடுகின்றன.

துறவிகளுக்குப் பிறகும் ஊரார் வெட்டிக்கொண்டே இருந்தார்கள். விறகு, ஆட்டுப்பட்டித் தட்டி, கூரை வேயும் முளை, வைக்கோல் வாரும் வாரிக்குக் காம்பு. கம்பு தேவைப்பட்டவரை காட்டைக் காப்பாற்ற வேறு ஆள் வேண்டியிருக்கவில்லை. காட்டுக்கு உண்மையான ஆபத்து வந்தது 1960களில். அப்போது இதன் ஒரு பெரும்பகுதியை இயந்திரம் விட்டு வேரோடு பிடுங்கி, உழுது, வயலாக்கிவிட்டார்கள். அதில் ஒரு துளிர்கூடத் திரும்பி வரவில்லை. எஞ்சியதை 1970-இல் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வாங்கியதால் பிழைத்தது. "ஏன் கொன்றுவிட்டார்கள்" என்ற உன் கேள்வியை நீ அந்த வயலைப் பார்த்துக் கேட்டிருக்க வேண்டும், பிள்ளை. நாம் அதன் ஓரமாகக் காரில் வந்தோம். பச்சைப் பசேலென்று பயிர் நின்றதால் நம் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பிறகு அவர் ஓர் ஆஷ் மரத்திடம் கூட்டிப்போனார். மரம் என்று சொன்னதால் நான் மேலே அண்ணாந்து பார்த்தேன். அவர் கீழே காட்டினார். வட்டமாகப் பத்துப் பன்னிரண்டு தண்டுகள் நின்றன. நடுவே எதுவும் இல்லை, பாசியும் சருகும் மட்டும். வெட்ட வெட்ட வெளிப்பக்கமாகத் துளிர்த்து, நடுக்கட்டை உளுத்து மண்ணாகிவிட்டது. எனக்குப் பல மரங்களாகத் தெரிந்தவை எல்லாம் ஒரே மரம். ஆயிரம் ஆண்டு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். நான் அதைச் சுற்றி நடந்தேன். அம்மா செருப்பைக் கழற்றுவதுபோலக் காலணியின் கயிற்றில் கை வைத்துவிட்டு, சேற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கையை மட்டும் ஒரு தண்டில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

எல்லாம் நல்ல செய்தி இல்லை. ஆஷ் மரங்களுக்கு ஒரு பூஞ்சண நோய் வந்திருக்கிறது. பிரித்தானியாவில் அதை முதன்முதலில் 2012-இல் உறுதிசெய்தார்கள். எங்கள் பக்கத்துக் காடுகள் எல்லாவற்றிலும் இப்போது பரவிவிட்டது. ஓர் இளந்தண்டில், கிளை பிரியும் இடத்தைச் சுற்றிப் பட்டை உள்வாங்கி, வைர வடிவில் பழுப்பு வடு இருந்தது. அதற்கு மேலே ஒரு மொட்டும் உயிரோடு இல்லை. அந்தப் பெரியவர் அதைத் தடவிக் காட்டியபோது குரல் கம்மிவிட்டது. சில மரங்கள் நோயைத் தாங்கி நிற்கின்றன, அவற்றைத்தான் நம்பியிருக்கிறோம் என்றார். நைட்டிங்கேலும் அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஏப்ரலில் வந்து பாடும் பறவை, ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குள் இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோயிருக்கிறது. வெட்டுவாரற்றுப் போன காடுகளில் அதற்கு வேண்டிய இளம்புதர் இல்லை, இருக்கும் புதரை மான்கள் தின்றுவிடுகின்றன. நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்குக் கேட்கவில்லை.

அம்மா அந்தப் பெரியவரிடம் பன்னிரண்டு ஹேசல் கம்புகள் வாங்கிக்கொண்டாள். பின்வளவில் பயற்றங்கொடிக்கு ஊன்றியாயிற்று. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தடிகளில் கொடி வழுக்கி வழுக்கி இறங்கும். இதன் சொரசொரப்பான பட்டையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்கிறாள்.

திரும்புவதற்கு முன், நாம் அன்று போன பாதையை அவரிடம் விசாரித்தேன். ஆண்டையும் சொன்னேன். எந்தப் பங்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அன்று வெட்டியவர்களில் அவரும் ஒருவராம். போய்ப் பார்த்தோம். திருப்பத்தில் இப்போது வெட்டவெளி இல்லை. உள்ளே இருட்டாக இருந்தது. நீ அழுத அந்தக் கட்டைகளிலிருந்து எழுந்த தண்டுகள் என் தொடைப் பருமனில், மூன்றாள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. ஒரு தூரில் மட்டும் ஒன்பது தண்டுகள். படம் எடுத்திருக்கிறேன், இதோடு வைக்கிறேன். பக்கத்தில் நிற்பது அம்மா.

அந்தப் பங்கின் முறை மறுபடி வந்துவிட்டது. வரும் குளிர்காலத்தில் வெட்டுவார்கள். உங்களிடம் இப்போது இலையுதிர் காலம், மெல்பர்னில் மழையும் தொடங்கியிருக்கும். மருமகனுக்கு அடுத்த ஆண்டு விடுமுறை எப்போது கிடைக்கும் என்று கேட்டு எழுது. ஏப்ரல் கடைசி வாரம் என்றால் புதுத் துளிரைப் பேரனுக்கும் காட்டலாம். அவனுடைய காலணி அளவையும் சேர்த்து எழுது. அந்தக் களிமண்ணுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வேண்டும், இங்கேயே வாங்கிவைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா