ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை காலை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மதுரையிலுள்ள ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்ல உங்கள் ஒப்புதல் கோரி இக்கடிதத்தை எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு நெருங்கும் நேரத்தில் ஐஸ்கட்டியைப் பார்க்கப் போவானேன் என்று சிலர் என்னிடம் நேரிலேயே கேட்டீர்கள். கேள்வி நியாயமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் கண்மாயில் வண்டல் அள்ளும்போது, வெட்டிய பக்கத்தில் எந்தப் படிவு முந்தியது, எது பிந்தியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவீர்கள். அண்டார்டிகாவில் அந்த வேலையைப் பனி செய்கிறது. அங்கே ஆண்டுதோறும் விழும் பனி உருகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாகும்போது, அந்தந்தக் காலத்துக் காற்றும் சிறு குமிழ்களாக உள்ளே அடைபட்டுப்போகிறது. டோம் சி என்னும் இடத்தில் ஐரோப்பியக் குழுவொன்று 3,000 மீட்டருக்கும் கீழே துளையிட்டு, உருளை உருளையாக வெளியே எடுத்த பனியில் ஏறத்தாழ 8 லட்சம் ஆண்டுகளின் காற்று கிடைத்தது. அத்தனை காலத்திலும் பத்து லட்சத்துக்கு 300 பங்கைத் தாண்டாத கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது என்பதைப் பிள்ளைகள் கரும்பலகையில் வரைபடமாகப் போட்டுப் பார்த்தபோது வகுப்பில் பேச்சே இல்லை.

சென்ற மாதம் அவர்களும் ஒரு பனித்தூண் செய்தார்கள். பிளாஸ்டிக் குழாயில் நாளுக்கு ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி, ஒரு நாள் அடுப்புச் சாம்பல், ஒரு நாள் கண்மாய் மண், ஒரு நாள் மஞ்சள்தூள் என்று தூவி, பள்ளிக்கு எதிரே ஜிகர்தண்டா விற்பவரின் உறைபெட்டியில் வைத்து உறைய விட்டார்கள். (அவர் வாடகை கேட்கவில்லை; ஆனால் மஞ்சள்தூள் பாலில் கலந்துவிடக் கூடாதென்று தினமும் எச்சரித்தார்.) ஒன்பதாம் நாள் வெகுநேரம் மின்சாரம் இல்லை. மறுநாள் குழாயை அறுத்தபோது சாம்பலெல்லாம் அடியில் இறங்கியிருந்தது. மஞ்சள் எங்கும் பரவியிருந்தது. எந்த அடுக்கு எந்த நாளுடையது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்போது ஒரு மாணவி, "அவ்வளவு தூரத்திலிருந்து கப்பலில் கொண்டுவருகிறார்களே, வழியில் உருகாதா?" என்று கேட்டாள். வெட்டியெடுத்த பனியைக் கடைசிவரை உறைகுளிரிலேயே வைத்துக் காப்பது துளையிடுவதற்குக் குறையாத வேலை. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தில் இதற்கெனக் குளிர் ஆய்வகமே இருக்கிறது. கோவாவரை நம்மால் போக முடியாது. ஆகவே இந்தப் பயணம்.

கட்டணம் ஏதுமில்லை, பகல் பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிடுவோம். குளிர் அறைக்குள் பத்துப் பத்துப் பேராக ஐந்து நிமிடம் மட்டுமே அனுப்புவோம். நம் ஊரில் ஸ்வெட்டர் இருக்கும் வீடு குறைவு என்பது தெரியும். முழுக்கைச் சட்டையும் ஒரு துண்டும் போதும், ஆனால் செருப்புக்குப் பதில் ஷூ கட்டாயம். இயந்திரக் கூடத்தில் அமோனியா நெடி இருக்கும் என்பதால் அங்கே யாரையும் அழைத்துச் செல்லமாட்டோம். மூச்சிரைப்புத் தொந்தரவு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் அதை ஒப்புதல் சீட்டிலேயே குறிப்பிட்டு, வியாழக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்