கணவரின் தயவில் வந்த புகழா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தொலைக்காட்சியின் வரலாறு குறித்துத் தங்கள் வார இதழில் வெளிவரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். சென்ற இதழில் லூசில் பாலைப் பற்றிய இடம் வந்தபோது, 'கணவர் நடத்திய நிறுவனத்தின் தயவில் புகழ் பெற்ற சிரிப்பு நடிகை' என்ற ஒரே வரியோடு கட்டுரையாளர் அவரைக் கடந்து போய்விட்டார். படித்தது முதல் எனக்கு மனம் ஆறவில்லை.

நடந்தது இதற்கு நேர்மாறானது. அவருக்குப் பெரும் புகழ் தந்த 'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் 1951 அக்டோபரில் தொடங்கியபோது அவருக்கு வயது 40. மூன்று வயதில் தந்தையை டைஃபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, நியூயார்க் நாடகப் பள்ளியில் இவளுக்கு நடிப்பு வராது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மாடலாகப் பிழைத்து, 1933 முதல் ஹாலிவுட்டில் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும் வேடங்களிலிருந்து படிப்படியாக முன்னேறியவர் அவர். 1948-இல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் வானொலியில் அவர் நடித்த நகைச்சுவைத் தொடர் வெற்றி பெற்றதால்தான் அதே போன்ற ஒன்றைத் தொலைக்காட்சியில் செய்யும்படி அவரை அழைத்தார்கள். வானொலியில் கணவராக நடித்தவர் ரிச்சர்ட் டென்னிங். தொலைக்காட்சியில் தம் சொந்தக் கணவரான டெசி ஆர்னாஸே அந்த வேடத்தில் வர வேண்டும் என்று லூசில் பால் பிடிவாதமாக நின்றார். கியூபாவில் பிறந்த, பேச்சில் அந்த வாடை மாறாத ஓர் இசைக்குழுத் தலைவரை அமெரிக்கப் பெண்ணின் கணவராக மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று சிபிஎஸ் தயங்கியது. மக்கள் ஏற்பார்கள் என்று காட்டுவதற்காகவே 1950-இல் இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையில் சேர்ந்து நடித்தார்கள். இதில் யார் தயவில் யார் வந்தார் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

டெசி ஆர்னாஸின் பங்கைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அவர் நல்ல நிர்வாகி. அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நியூயார்க்கில் நேரலையாக நடந்தன. மற்ற ஊர்களுக்குத் தொலைக்காட்சித் திரையிலிருந்து படம்பிடித்த மங்கலான பிரதியே போனது. கணவனும் மனைவியும் ஹாலிவுட்டை விட்டு வர மறுத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று ஃபிலிம் கேமராக்களால் படம்பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். 'மெட்ரோபொலிஸ்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்த கார்ல் ஃபிராய்ண்ட் அந்தப் பொறுப்பை ஏற்றார். செலவு கூடியபோது சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, படச்சுருளின் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அந்த முடிவு எவ்வளவு பெரியது என்பது எனக்குக் கண்கூடாகத் தெரியும். நான் எடிட்டராக வேலை பார்த்த தனியார் தயாரிப்பு நிறுவனத்தில், யூமேட்டிக் வீடியோ நாடா விலை அதிகம் என்று பழைய நாடகங்களை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிவு செய்வார்கள். அருமையான நடிகைகளின் உழைப்பு இப்படி அழிந்ததை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன். லூசில் பாலின் அந்த 180 பகுதிகளும் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கின்றன.

'தயவில்' என்ற சொல் என்னை இவ்வளவு சுடுவதற்குக் காரணமும் அந்த நிறுவனத்தில்தான் இருக்கிறது. என் கணவரும் அங்கே ஒளிப்பதிவாளராக இருந்தார். நான் முறையாகப் பயின்று, தேர்வு வைத்து எடுக்கப்பட்டவள். ஆனாலும் புதிதாக யார் வந்தாலும், "இவங்க கேமராமேன் சாரோட வீட்டம்மா" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார்கள். ஓய்வு பெறும் நாள் வரையில் அது மாறவில்லை. எனவே அந்த வரி எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புதிதன்று.

தங்கள் இதழுக்கும் இது புதிதன்று என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு மகளிர் சிறப்பிதழில் நடிகைகளைப் பற்றி வந்த பக்கங்களில் திருமணமும் மணமுறிவும் உடல் எடையும் இருந்தன. அவர்களுடைய தொழிலைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அப்போது நான் எழுதிய கடிதத்தில் பாராட்டிய வரிகளை மட்டும் வெளியிட்டு, மற்றவற்றை நீக்கிவிட்டீர்கள். அதைப் பொறுத்துக்கொண்டேன்.

'சிரிப்பு நடிகை' என்று எழுதியதில் இருக்கும் அலட்சியத்தையும் சொல்லியாக வேண்டும். சாக்லேட் தொழிற்சாலையில் ஓடும் பட்டையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வாயிலும் சட்டையிலும் சாக்லேட்டைத் திணிக்கும் அந்த 1952-ஆம் ஆண்டுக் காட்சியை ஓர் எடிட்டரின் கண்ணோடு பாருங்கள். அவர் உடல் ஒரு நொடிகூடக் கணக்குத் தப்பவில்லை. வெட்டி ஒட்டி உண்டாக்கிய சிரிப்பன்று அது. அந்தத் துல்லியம் ஒத்திகையால் மட்டுமே வருவது. கர்ப்பிணியைத் தொலைக்காட்சியில் காட்டலாமா என்று நிறுவனமும் விளம்பரதாரரும் நடுங்கிய காலத்தில், தம் கர்ப்பத்தையே கதையாக்கி நடித்தவர் அவர். 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பான பிரசவப் பகுதியை ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே நாளில் அவருக்கு உண்மையிலேயே மகன் பிறந்தான். அந்த ஆண்டே, தாத்தாவின் மனம் கோணாமல் இருக்க 1936-இல் கம்யூனிஸ்ட் வாக்காளராகப் பதிந்துகொண்டதற்காக விசாரணையையும் எதிர்கொண்டார்.

கட்டுரையாளர் அறவே விட்டுவிட்டது அதற்குப் பிந்திய காலத்தை. தாம் ஒரு காலத்தில் ஒப்பந்த நடிகையாக இருந்த ஆர்கேஓ நிறுவனத்தின் ஸ்டூடியோக்களையே 1957-இல் கணவனும் மனைவியும் சேர்ந்து தொடங்கிய டெசிலு நிறுவனம் வாங்கியது. 1960-இல் மணமுறிவு நிகழ்ந்தது. 1962-இல் கணவரின் பங்குகளையும் விலைக்கு வாங்கி, அந்தப் பெரிய ஸ்டூடியோவின் தலைமையை லூசில் பால் தாமே ஏற்றார். 'ஸ்டார் டிரெக்', 'மிஷன்: இம்பாஸிபிள்' ஆகிய இரண்டும் அவர் தலைமையில் உருவாகி 1966-இல் ஒளிபரப்பானவை. செலவுக்கு அஞ்சி நிர்வாகக் குழுவினர் பின்வாங்கியபோது துணிந்து நின்றவர் அவர். 1967-இல் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு நிறுவனத்தை விற்றதும் அவர்தான். கணவர் விலகிய பிறகு நடந்த இந்தக் காரியங்கள் யாருடைய தயவில் நடந்தன? தொலைக்காட்சியின் வரலாற்றைத் தாங்கள் நன்கு அறிந்தவர் என்பதால்தான், இந்த வரி தங்கள் மேசையைத் தாண்டி அச்சுக்குப் போனது எனக்குத் தாங்கவில்லை.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த இதழில், 1962 முதல் 1967 வரை டெசிலுவின் தலைவராக இருந்தவர் லூசில் பால் என்று இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே 'டெசி ஆர்னாஸ், மனைவியுடன்' என்று அச்சாகியிருக்கிறது. தொடர் நூலாக வரும்போது அங்கே அவருடைய பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற படத்தொகுப்பாளர்,
திருச்சி.